கோழியின் குடலில் என்ன புழு?

நம் கச்சிபௌலிக்குச் சற்றுத் தள்ளி ராஜேந்திரநகர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1988-இல் தொடங்கப்பட்டது. வனராஜா, கிராமப்பிரியா என்ற கோழி இனங்கள் அங்கே உருவானவை. இவை வீட்டுக் கொல்லையில் மேய்ந்தே வளரும்.

எந்தக் கோழியானாலும் மண்ணைக் கிளறித் தின்னும். அப்போது புழுவின் முட்டையும் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு கோழி மெலியும். கொண்டை வெளுக்கும். முட்டை குறையும். தீனிக்குச் செலவழித்த பணம் வீணாகும்.

"பூச்சி மருந்து கொடுத்தேன், கேட்கவில்லை" என்று சிலர் சொல்வார்கள். ஏன் கேட்கவில்லை? கோழியின் குடலில் பலவகை உயிர்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு. அவற்றில் முக்கியமான மூன்றைப் பார்ப்போம்.

உருளைப்புழு

இது வெள்ளையாக, உருண்டையான நூல் போல இருக்கும். பெரிய புழு நம் விரல் நீளம் இருக்கும். சிறுகுடலில் வாழும். இதன் முட்டை எச்சத்தோடு வெளியே வரும். மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும்.

நாடாப்புழு

இது ரிப்பன் போலத் தட்டையாக இருக்கும். உடல் துண்டு துண்டாகச் சேர்ந்திருக்கும். சில துண்டுகள் கழன்று எச்சத்தில் விழும். அவை அரிசி போலத் தெரியும். இதன் முட்டையை எறும்பும் வண்டும் தின்னும். அந்த எறும்பையும் வண்டையும் கோழி தின்றால் புழு வரும்.

இரத்தக் கழிச்சல் கிருமி

இது புழுவே அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர். இதன் பெயர் காக்சிடியா. ஈரமான கூண்டில் வேகமாகப் பரவும். குஞ்சுகளை அதிகம் தாக்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். குஞ்சுகள் ஒடுங்கி நிற்கும். தாமதித்தால் பல குஞ்சுகள் செத்துப்போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புதிதாக விழுந்த எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுங்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே எச்சத்தைக் கெட்டியான உப்புநீரில் கலக்குவார்கள். முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். நுண்ணோக்கி சிறியதைப் பெரிதாகக் காட்டும் கருவி. முட்டையின் வடிவத்தைப் பார்த்து வகையைச் சொல்வார்கள். கோழி செத்திருந்தால் குடலை அறுத்தும் பார்ப்பார்கள்.

மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடுங்கள்.

வராமல் தடுக்கலாம்

கூண்டின் தரையை ஈரமில்லாமல் வையுங்கள். எச்சத்தை அடிக்கடி அள்ளுங்கள். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு சேர்க்காமல் தனியாக வளருங்கள். எச்சத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. எச்சத்தில் அரிசி போலத் தெரிவது எது?
2. எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?
3. ஒரே மருந்து எல்லாப் புழுவுக்கும் ஏன் கேட்காது?