எழுத்தில் மலர்ந்த இறையன்பு

அழகைக் காட்ட ஓவியம் பிறந்தது; கருத்தைக் காக்க எழுத்துப் பிறந்தது. இவ்விரண்டும் வெவ்வேறு தொழிலுடையன என்றே நாம் எண்ணுகின்றோம். ஆயினும், எழுத்தே ஓவியமாகவும், எழுதுதலே வழிபாடாகவும் அமைந்த காலம் ஒன்று இருந்தது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் கிறித்தவத் துறவியரும், மேற்கு ஆசியாவில் இசுலாமியக் கலைஞரும், ஒருவரை ஒருவர் அறியாமலே இத்தகைய பணியில் ஈடுபட்டிருந்தனர். அப்பணியின் பெருமையை இப்பாடத்தில் காண்போம்.

இறைவனையும் அடியாரையும் உருவில் எழுதிக் காட்டலாமா என்னும் வினா அக்காலத்து மக்களைப் பெரிதும் வருத்தியது. மார்செய் நகரத்தில் சமயத் தலைவராக இருந்த ஆயர் செரீனசு என்பார், கோயிற் படங்களை மக்கள் வணங்கக் கண்டு சினந்து அவற்றை உடைத்தெறிந்தார். அதனைக் கேள்வியுற்ற போப்பாண்டவர் முதலாம் கிரெகோரியார், கி.பி. 600-இல் அவருக்குத் திருமுகம் விடுத்தார். படங்களை வணங்குதல் தகாது. அவற்றை உடைத்தலும் தகாது. நூலைக் கற்க இயலாதார் படத்தைக் கண்டேனும் கற்பர் என்பது அதன் கருத்து.

கிழக்கே பைசாந்தியப் பேரரசில் இவ்வினா பெரும்பூசலாக மூண்டது. 8-ஆம் நூற்றாண்டில் பேரரசர் சிலர் திருவுருவப் படங்களை அழிக்க ஆணையிட்டனர், எதிர்த்தோர் துன்புறுத்தப்பட்டனர். கி.பி. 843-இல்தான் அப்பூசல் முற்றும் தணிந்தது. அக்காலத்தில் படங்களுக்காக வாதாடிய பேரறிஞர் தமாசுக்கசு நகரத்து யோவான் என்பவர். அவர் கலீபாவின் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த கிறித்தவர். கிறித்தவப் பேரரசரின் சினம் எட்டாத இடத்தில், இசுலாமியர் ஆட்சியின் நிழலில் இருந்துகொண்டு அவர் தம் கருத்தை எழுத முடிந்தது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்றன்றோ?

படத்தைப் பற்றிப் பூசல் இருந்தது. இறைமொழியைத் தாங்கும் எழுத்தைப் பற்றி எத்தகைய பூசலும் இல்லை. ஆதலின் கலைஞரின் அன்பெல்லாம் எழுத்தின்பால் பெருகியது.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை அடுத்து லிண்டிசுபான் என்னும் சிறு தீவு உளது. ஆங்கு கி.பி. 635-ஆம் ஆண்டளவில் எயிடன் என்னும் துறவி மடம் ஒன்றை நிறுவினார். கி.பி. 698 முதல் 721 வரை அம்மடத்தின் ஆயராக விளங்கிய ஈட்பிரித்து என்பார், ஏசுநாதரின் வரலாற்றைக் கூறும் நான்கு நற்செய்தி நூல்களையும் இலத்தீன் மொழியில் ஒரே சுவடியாகத் தம் கையாலேயே எழுதி முடித்தார் என்பர். அதற்கு 250-க்கு மேற்பட்ட தோலேடுகள் தேவைப்பட்டன. கன்றுகளின் தோலைப் பதப்படுத்தி, தேய்த்து, கோடிட்டு, இறகுப் பேனாவால் அவர் எழுதினார். சிந்தூரத்தால் செம்மையும், அரிதாரத்தால் மஞ்சளும், செப்புக் களிம்பால் பசுமையும், செடிச் சாயத்தால் நீலமும் கண்டார்.

ஒவ்வொரு நற்செய்தியின் தொடக்கத்திலும் முதலெழுத்து ஏட்டையே நிறைத்து நிற்கும். அவ்வெழுத்தின் உள்ளே பறவைகளும் விலங்குகளும் ஒன்றன் கழுத்தை ஒன்று பின்னிக் கிடக்கும். சுற்றிலும் செந்நிறப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சூழ்ந்திருக்கும். எழுத்தே இன்றி, விரித்த கம்பளம்போலச் சிலுவைக் கோலம் மட்டும் தீட்டிய ஏடுகளும் உள. அவற்றின் பின்புறத்தே கவராயம் ஊன்றிய துளைகளையும், அளவுக்கு இட்ட மெல்லிய கோடுகளையும் இன்றும் காணலாம். கோலத்தின் அழகு தற்செயலாக வந்ததன்று; அளந்தும் பொறுத்தும் பெற்றது என்பதை அவை உணர்த்துகின்றன.

கி.பி. 793-இல் வைக்கிங்குகள் என்னும் கடற்கொள்ளையர் அத்தீவைச் சூறையாடினர். கி.பி. 875-இல் துறவியர் தீவை விட்டு நீங்கினர். அவர்கள் தம்முடன் கொண்டு சென்றவற்றுள் இச்சுவடியும் ஒன்று. வழியில் இது கடலில் வீழ்ந்ததென்றும், நீர் வற்றிய காலத்து மணலில் பழுதுறாமல் கிடைத்ததென்றும் சைமியோன் என்னும் பிற்காலத் துறவி எழுதியுள்ளார். 10-ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெடு என்னும் குரு, இலத்தீன் வரிகளுக்கு இடையே பழைய ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதினார். நற்செய்தி நூல்களுக்கு இன்று எஞ்சியுள்ள ஆங்கில மொழிபெயர்ப்புகளுள் அதுவே தொன்மையானது. இச்சுவடி இப்பொழுது இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உளது.

இனி, அக்காலத்து இசுலாமிய உலகை நோக்குவோம். திருக்குர்ஆன் இறைவனின் வாக்கு என்பது இசுலாமியரின் நம்பிக்கை. அதன் 68-ஆம் அத்தியாயத்திற்கு 'எழுதுகோல்' என்பதே பெயர். அரண்மனைச் சுவர்களில் மனித உருவங்களைத் தீட்டிய அரசர் அக்காலத்தும் இருந்தனர். ஆயின், தொழுகைக்குரிய இடங்களிலும் திருமறை ஏடுகளிலும் அவ்வுருவங்கள் இடம்பெறவில்லை. ஆங்கு எழுத்தே அணியாயிற்று.

கலீபா அப்துல் மாலிக்கு எருசலேமில் எழுப்பிய பாறைக் குவிமாடம் இதற்குச் சான்று. ஹிஜ்ரி 72, அதாவது கி.பி. 691-92 என்னும் ஆண்டு அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் உட்புறத்தே, ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்குத் திருமறை மொழிகள் பொன்னிற எழுத்துகளாக ஒளிர்கின்றன. பிற்காலத்துக் கலீபா மாமூன், அப்துல் மாலிக்கின் பெயரை நீக்கித் தம் பெயரை ஆங்கு அமைத்தார். ஆண்டை மாற்றாது விட்டார். கி.பி. 813-இல் அரசேறியவர் 691-இல் எவ்வாறு கட்டியிருக்க முடியும்? எழுத்தே உண்மையை உரைத்துவிட்டது.

அப்துல் மாலிக்கு கி.பி. 696-97-இல் தம் பொற்காசுகளினின்று உருவத்தை நீக்கி, எழுத்துகளை மட்டுமே பொறிக்கச் செய்தார். திருமறைச் சுவடிகளை எழுதியோர், கூஃபி என்னும் எழுத்தை நாணற்கோலால் கிடையாக நீட்டி எழுதினர். 9 அல்லது 10-ஆம் நூற்றாண்டினதாகிய 'நீலக் குர்ஆன்' என்னும் சுவடியில், அவுரி நீலம் ஊட்டிய தோலேடுகளில் பக்கத்திற்கு 15 வரிகளாகப் பொன்னெழுத்துகள் இரவு வானத்து மீன்கள்போல் மிளிர்கின்றன.

இவ்விரு உலகங்களும் ஒரு சிறு காசில் சந்தித்தன. இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட கிறித்தவ மன்னன் ஒஃபா, பொற்காசு ஒன்று அடிப்பித்தான். கலீபா அல்-மன்சூர் ஹிஜ்ரி 157-இல் வெளியிட்ட காசே அதற்கு மாதிரி. காசடித்தவன் அரபு அறியான்; எனினும் இறைவன் ஒருவனே என்னும் இசுலாமிய உறுதிமொழியையும் அப்படியே பார்த்துப் பொறித்தான். இடையே 'ஒஃபா அரசன்' என்று இலத்தீனில் எழுதினான். அரபு வரிகளை நேராகப் பிடித்தால் மன்னன் பெயர் தலைகீழாக நிற்கும்! அக்காசு இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் உளது.

காசடித்தவன் எழுத்தின் வடிவைக் கண்டான், பொருளைக் காணவில்லை. அவன் அறியாததை நாம் அறிய வாய்ப்புப் பெற்றுள்ளோம். ஈட்பிரித்தின் கவராயத் துளைகளும் அரபுக் கலைஞரின் நாணற்கோலும் உணர்த்துவது ஒன்றே. தாம் உயர்ந்ததென நம்பிய மொழிக்குத் தம் கையின் உழைப்பை முழுவதும் அளித்தல் வேண்டும் என்பதே அது. பிறர் போற்றும் நூலைக் காணுங்கால், அதன் மொழி நமக்கு விளங்காவிடினும், அதன் பின்னே நின்ற அன்பை எண்ணி மதித்தல் கற்றோர்க்குக் கடமையாகும்.