ஜென்சன் சொல்லித்தராத பாடம்

1868ஆம் ஆண்டு தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் இங்கிலாந்திலிருந்து திருவனந்தபுரம் வந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் குடும்பத்தாரைத் தைல வண்ணத்தில் வரைவது அவருக்குக் கிடைத்த வேலை. கிளிமானூரிலிருந்து வந்து அரண்மனை ஆதரவில் இருந்த இருபது வயது ரவிவர்மா அவரிடம் கற்றுக்கொள்ளத் துடித்தார். ஜென்சனுக்குச் சொல்லித்தர மனமில்லை. மகாராஜா கேட்டுக்கொண்டதால், தாம் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார்.

அன்று தைல வண்ணம் பூட்டி வைத்த வித்தை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கரும் அதைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் வந்து சில நுணுக்கங்களைச் சொல்லித்தந்ததாக ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவின் பெரும் ஓவியங்களை அவர் அறிந்ததெல்லாம் அரண்மனைக்கு வந்த படத்தொகுப்புகள் வழியாகத்தான். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் கடல் கடந்து போனதில்லை.

அப்படி என்ன இருந்தது அந்த வித்தையில்? நம் தஞ்சாவூர் மரபில் கோடுதான் முதல். கோட்டுக்குள் வண்ணம் நிரம்பும். ஐரோப்பிய உருவப்படத்தில் வெளிச்சம்தான் முகத்தைச் செதுக்குகிறது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காயப் பல நாள் எடுக்கும். ஈரம் இருக்கும்போதே நிழலையும் ஒளியையும் ஒன்றில் ஒன்று கரைத்துவிட்டால் கன்னம் உருண்டு நிற்கும், பட்டு மடியும், முத்து மின்னும். பார்த்தே இதைப் பிடித்துக்கொண்டவரின் 'கூந்தல் அலங்கரிக்கும் நாயர் பெண்' 1873இல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு வாங்கியது. 1894இல் அவர் தொடங்கிய அச்சகம் அந்த வெளிச்சத்தைச் சாமானியர்களின் பூஜை அறைவரை கொண்டுபோனது.

ஆனாலும் அசல் ஓவியங்கள் பெரும்பாலும் அரண்மனைச் சுவர்களில்தான் இருந்தன. 1935இல் திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் திறக்கப்பட்ட பிறகு பொதுமக்களுக்கும் வழி பிறந்தது. 2023இல் அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களுக்கென்றே புதிய கூடம் வந்திருக்கிறது. இன்று நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் அன்று ரவிவர்மா ஏங்கிய இடத்தில் நிற்கலாம்.

1899இல் அவர் வரைந்த 'அன்னமும் தமயந்தியும்' ஓவியத்தின் முன் நின்று பாருங்கள். தமயந்தியின் செந்நிறப் புடவையில் மேடான மடிப்பில் ஒளி விழுகிறது. பள்ளத்தில் அதே சிவப்பு இருண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவில் கோடே இல்லை. அருகே போனால் சரிகை வெறும் மஞ்சள் தீற்றல்தான். நாலடி பின்வாங்கினால் தங்கமாகப் பளபளக்கிறது. கதை நம்முடையது, ஒளி ஐரோப்பாவினுடையது. இரண்டும் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாததுதான் அவருடைய மேதைமை.

இன்று கற்றுக்கொள்ளவும் தடையில்லை. இதே ஊரில் அரசு நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தைத் தம்பானூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தபடி கைபேசியில் பெரிதாக்கி, தூரிகைத் தடத்தையே பார்த்துவிடலாம். இது மாபெரும் நன்மை, சந்தேகமே வேண்டாம். ஆனால் உள்ளங்கைத் திரையில் ஓவியத்தின் அளவு தெரிவதில்லை. முன்னும் பின்னும் நடந்து, தீற்றல் தங்கமாகும் தூரத்தை நாமே கண்டுபிடிக்கும் அனுபவம் அசலின் முன்தான் கிடைக்கும். ஜென்சன் சொல்லித்தராத பாடத்தை ரவிவர்மா கற்றது அப்படிப் பார்த்துத்தான்.

பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கோவளத்துக்கும் போகிறவர்கள் அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். எல்லாப் படங்களையும் அவசரமாகச் சுற்றிக் காட்ட வேண்டாம்; பிடித்த ஒரு படத்தின் முன் அவர்கள் சலிக்கும்வரை நிற்கட்டும். திங்கட்கிழமை விடுமுறை, புதன்கிழமை பிற்பகலில்தான் திறப்பார்கள்.