ஸ்டென்ட் வைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒருவருக்கு அட்டாக் வந்தால் வண்டி பெரும்பாலும் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகும். ஆஞ்சியோ, ஸ்டென்ட், சில நாள் படுக்கை, பிறகு வீடு. கூடவே வரும் ஃபைலில் ஈசிஜி, எக்கோ, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு எழுதியிருக்கும். வீடு திரும்பியவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "மறுபடி வந்துருமோ" என்று விடியும்வரை விழித்திருப்பதற்கு மட்டும் அந்த ஃபைலில் இடம் இல்லை.

இடம் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருக்கிறது. அது இதயத்தையும் விடுவதில்லை. 1993இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்தவர். மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணங்களில் புகை, ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு மன நெருக்கடியையும் அந்த ஆய்வு சேர்த்தது. மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வை ஓர் ஆபத்துக் காரணியாகவே கருத வேண்டும் என்று 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் சொல்லிவிட்டது.

காரணம் புரியாததல்ல. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடைக்குப் போவதில்லை, விட்ட பீடியை மறுபடி எடுக்கிறார். உடம்புக்குள் கார்டிசால் ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, இதயத் துடிப்பு சூழலுக்கேற்ப மாறும் தன்மை குறைகிறது.

இந்த இரண்டு மாவட்டங்களில் வாழ்க்கை உடல் உழைப்பின் மேல் நிற்கிறது. பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, லாரி, முந்திரிக்காடு. மூட்டை தூக்கியே பழகியவரிடம் "இனி வெயிட் தூக்கக் கூடாது" என்று சொல்லும்போது அவருடைய வருமானமும் வீட்டில் அவருக்கு இருந்த இடமும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன. "கோவப்படாதீங்க, பேசாதீங்க, சும்மா உக்காருங்க" என்று பாசத்தில் சொல்லிச் சொல்லியே அவரைத் திண்ணையில் அமர்த்திவிடுகிறோம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் போனில் கேட்டால் "நல்லாருக்கேம்ப்பா" என்றுதான் பதில் வரும். பெண்களுக்கு இன்னும் மோசம். நெஞ்சு அடைப்பதையே "கேஸ்" என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தில் நாளைக் கடத்தியவர்கள், மனசு சரியில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

அளப்பது எப்படி? 1983இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சிக்மண்ட், ஸ்னைத் என்ற இரு மனநல மருத்துவர்கள், மற்ற நோய்களுக்காக மருத்துவமனைக்கு வருபவர்களுக்கென்றே ஒரு வினாத்தாள் செய்தார்கள். 'ஹேட்ஸ்' என்று பெயர். பதற்றத்துக்கு ஏழு, மனச்சோர்வுக்கு ஏழு என்று மொத்தம் 14 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண். ஒரு பகுதியில் 11 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. அவர்கள் செய்த நல்ல காரியம், களைப்பு, தலைவலி, தூக்கக் குறைவு போன்ற உடம்புக் கேள்விகளைத் தவிர்த்ததுதான். இதய நோயாளிக்குக் களைப்பு இதயத்தாலும் வரும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் வரும். நீர் பிரியும் மாத்திரை போட்டவர் ராத்திரியில் எழுந்துதான் ஆக வேண்டும். அதையெல்லாம் மனக்கணக்கில் எழுதினால் அளவு பொய்யாகிவிடும்.

ஆனால் ஹேட்ஸ் உரிமக் கட்டணம் கேட்கும் வினாத்தாள். 2001இல் வெளிவந்த 'பிஎச்க்யூ-9' இலவசம். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், பத்தைத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, அதில் சந்தேகம் வந்தால் ஒன்பதையும் கேட்கலாம் என்று 2008இல் அமெரிக்க இதயச் சங்கம் வழிகாட்டியது. அந்த இரண்டும் எளியவை: எதிலும் நாட்டமில்லாமல் போனதா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. இதிலும் தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகள் உண்டு என்பதால், மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் எந்தக் கேள்வியில் ஏறியது என்றும் பார்க்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இதைப் பெரிய அளவில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினரின் 'க்யூர்ஸ்' ஆய்வில், ஒன்றுக்குள் இரண்டாக இருந்த கேள்விகளைப் பிரித்துப் பன்னிரண்டாக்கி 25,455 பேரிடம் கேட்டார்கள். 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு தெரிந்தது. 2009இல் வெளியான முடிவு இது. பசி குறைந்ததா கூடியதா என்று ஒரே மூச்சில் கேட்டால் நம் ஊரில் "ஆமாங்க" என்று பதில் வரும். எதற்கு ஆமாம் என்று தெரியாது. பிரித்துக் கேட்டதில் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இன்னும் சில சிக்கல்கள் வாய்விட்டுக் கேட்கும்போதுதான் தெரியும். கடந்த இரண்டு வாரம் என்பது கேள்வித்தாளின் கணக்கு. வாரச் சந்தை நடக்கும் ஊரில் "போன சந்தைக்கு முந்தின சந்தையிலேர்ந்து" என்று கேட்டால் காலம் சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம். அடுத்தது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. மருமகள் நிற்கும்போது மாமனார் அழுததைச் சொல்ல மாட்டார். கேள்வி அவரிடம் போகும் முன்பே "அவருக்கென்ன, நல்லா சாப்பிடுறாரு" என்று வேறொருவர் பதில் சொல்லிவிடுவார். இரண்டு நிமிடமாவது தனியே உட்கார்ந்து கேட்டால்தான் அந்த அளவுக்கு மதிப்பு.

பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. பருத்திக்கு அடிக்கும் மருந்து வீட்டு மூலையிலேயே இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், மருந்து டப்பாவை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அளந்தால் மட்டும் யாரும் குணமாவதில்லை. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாரடைப்பு வந்த 1,500 பேரை வைத்துப் பார்த்தபோது, மனச்சோர்வைத் தேடிக் கண்டறிந்ததால் மட்டும் அவர்களுடைய வாழ்க்கை மேம்படவில்லை. 2003இல் 2,481 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், மனநல ஆலோசனையால் சோர்வு குறைந்தது, மரணங்கள் குறையவில்லை. இதைக் காட்டி, பிறகு எதற்கு வீண் வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவர் இன்னும் இருபது ஆண்டு வாழப் போகிறார் என்றால், அந்த இருபது ஆண்டும் பயந்து பயந்து வாழாமல் இருப்பதே ஒரு பெரிய பலன். இதய நோயாளிகளுக்கும் செர்ட்ராலின் மாத்திரை பாதுகாப்பானது என்று 2002இலேயே ஆய்வு வந்தது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளில்தான் இதயத் துடிப்புக்குத் தொந்தரவு. எனவே எழுதித் தருபவருக்கு ஸ்டென்ட் வைத்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

கவனிக்க ஆள் இல்லாத ஊரும் அல்ல இது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதலில் கால்வைத்தது பக்கத்துத் திருச்சியில்தான், 1990களின் பிற்பகுதியில். அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். 2023 முதல், 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். உயிரைக் காக்கும் முதல் மணி நேரத்துக்கு இவ்வளவு அருமையாக ஏற்பாடு செய்த அரசு, அடுத்த ஆறு மாதத்துக்கும் இரண்டு கேள்வியைச் சேர்க்கலாம். பிரஷர் எழுதும் அதே நோட்டில் இன்னும் ஒரு கட்டம் போட்டால் போதும்.

அந்தக் கட்டத்தில் சந்தேகம் என்று வந்தவரிடம் ஒன்பது கேள்விகளையும் செவிலியர் கேட்கட்டும். பத்தைத் தொட்டால் மனநல மருத்துவர் வரும் நாளைக் குறித்துக் கொடுத்து, போனாரா என்று விசாரிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே கேள்விகள். ஐந்து மதிப்பெண்ணாவது குறைந்திருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. குறையவில்லை என்றால் மாத்திரையையோ ஆலோசனை முறையையோ மாற்ற வேண்டும்.