முழுப் பக்கத்துக்கும் ஒரே ஸ்க்ரீன்ஷாட்

பிளேஸ்மென்ட் ஃபார்ம் சப்மிட் பண்ணியாச்சு. நீங்க கொடுத்த விவரமெல்லாம் வரிசையா திரையில் வருது. அப்ளிகேஷன் நம்பர் மட்டும் பக்கத்தோட அடியில் இருக்கு. உடனே கை பிரின்ட் ஸ்க்ரீன் பட்டனுக்குத்தான் போகும். ஆனா அது மானிட்டரில் அந்த நொடி தெரியுற பகுதியை மட்டும்தான் படமாக்கும். 1920 x 1080 திரைன்னா அவ்வளவு பிக்சல்தான், அதுக்குக் கீழே இருப்பது வராது.

பிரவுசரோட கதை வேற. பக்கம் எவ்வளவு நீளம்னு அதுக்குத் தெரியும். அதனால தலையிலிருந்து கால்வரை ஒரே படமா வரைஞ்சு கொடுக்க அதால் முடியும். இதுக்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸ்: பக்கத்தில் காலியான இடத்தில் ரைட் கிளிக் பண்ணி 'டேக் ஸ்க்ரீன்ஷாட்' கொடுங்க. பிறகு 'சேவ் ஃபுல் பேஜ்'. வருகிற முன்னோட்டத்தில் 'டவுன்லோட்' கொடுத்தா வேலை முடிஞ்சது.

எட்ஜ்: கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி, 'கேப்சர் ஃபுல் பேஜ்' தேர்ந்தெடுங்க.

குரோம்: இங்கே கொஞ்சம் சுத்தணும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஐ அழுத்தினா டெவ்டூல்ஸ் திறக்கும். அடுத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி. வருகிற பெட்டியில் ஸ்க்ரீன்ஷாட் என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணி, 'கேப்சர் ஃபுல் சைஸ் ஸ்க்ரீன்ஷாட்' மேல கிளிக் பண்ணுங்க. படம் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு வந்துடும். டெவ்டூல்ஸ் வலது பக்கம் ஒட்டியிருந்தா பக்கம் ஒடுங்கி, படமும் மொபைல் பக்கம் மாதிரி வரும். அதைக் கீழே மாத்திட்டு எடுங்க.

படத்தில் நடுநடுவே வெள்ளையா இடம் விட்டிருக்கா? பல தளங்கள் நாம ஸ்க்ரோல் பண்ணிப் போன பிறகுதான் படங்களை லோட் பண்ணும். அதனால ஒருமுறை அடிவரை போயிட்டு, மேலே வந்து எடுங்க. சில போர்ட்டல்களில் பக்கம் நகராது, உள்ளே இருக்கும் ஒரு பெட்டி மட்டும் ஸ்க்ரோல் ஆகும். அங்கே 'முழுப் பக்கம்' என்றாலும் தெரியுற பகுதிதான் கிடைக்கும். கன்ட்ரோல் + மைனஸ் அழுத்தி ஜூமைக் குறைச்சா, எல்லாம் ஒரே திரைக்குள்ள அடங்க வாய்ப்பு இருக்கு.

இப்போ முக்கியமான விஷயம். இப்படி எடுக்கிற படத்தில் அட்ரஸ் பாரும் வராது, கணினிக் கடிகாரமும் வராது. "நான் கடைசித் தேதிக்கு முன்னாடியே சப்மிட் பண்ணிட்டேன்"னு நாளைக்குக் காட்டணும்னா, எந்தத் தளம், எந்த நேரம் என்பது அந்தப் படத்தில் இருக்காது. அதனால கூடவே ஒரு பிடிஎஃப்பும் எடுத்து வைங்க. குரோமில் கன்ட்ரோல் + பி அழுத்தி, 'சேவ் அஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து, 'மோர் செட்டிங்ஸ்'ல 'ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ்' டிக் பண்ணுங்க. தேதியும் தள முகவரியும் ஒவ்வொரு பக்கத்திலும் பதிவாகும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவா அனுப்பாதீங்க, சுருங்கி எழுத்தெல்லாம் மங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க. குரூப்பில் போடுவதுன்னா முதல்ல அடிவரை ஒரு தடவை பாருங்க. முழுப் பக்கம் என்றால் உங்க போன் நம்பரும் பிறந்த தேதியும் சேர்ந்துதான் வரும். அந்த இடங்களை வெட்டிட்டு அனுப்புங்க.