குணமானவர் எங்கே போவார்?

மனநல மருத்துவமனையில் ஒருவர் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கிறார் என்று கேட்டால், நோய் தீரவில்லை என்பதே நாம் எதிர்பார்க்கும் பதில். பலரது விஷயத்தில் அது உண்மையல்ல. நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான அறிக்கை, உள்நோயாளிகளில் 36 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பதைக் காட்டியது. இவர்களில் பலருக்கு மருந்து பலன் தந்துவிட்டது. அழைத்துப்போக ஆளில்லை, திரும்பிப்போக வீடில்லை. நோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்கள், வீடில்லாத காரணத்தால் அடைபட்டிருக்கிறார்கள்.

இந்த அநீதியை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை, சமூகத்தில் வசதி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 19ஆவது பிரிவு. ஆனால், தங்குமிடம் இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் நிற்கும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகத்தில் மூண்ட தீ, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உள்பட 28 பேரைப் பலிகொண்டது. நல்ல மாற்று இல்லாத இடத்தில்தான் அத்தகைய காப்பகங்கள் முளைக்கின்றன.

மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி பான்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. நீண்டகாலம் நிறுவனத்துக்குள் வாழ்ந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். சமைப்பது, கடைக்குப் போவது, வேலை தேடுவது, கோயிலுக்கோ சினிமாவுக்கோ போவது எல்லாம் அவர்கள் விருப்பம். அதே பகுதியிலிருந்து தேர்ந்து பயிற்சி தரப்பட்ட உதவியாளர்கள், தேவைக்கேற்பத் துணை நிற்கிறார்கள், சிகிச்சையும் தொடர்கிறது. கேரளம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்கும் பரவிய இதனை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

அக்கம்பக்கத்துக்கு ஆபத்தில்லையா என்ற அச்சம் எழுவது இயல்பே. ஆனால், தீவிர மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நோய் மீண்டும் தலைதூக்கினால் அதை முதலில் கவனிப்பவர் உடனிருக்கும் உதவியாளர். தனியே தெருவில் விடப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. செலவு அதிகமாகாதா என்பவர்கள், குணமானவருக்காக ஒரு படுக்கையையும் மூன்று வேளைப் பணியாளர்களையும் ஆண்டுக்கணக்கில் ஒதுக்குவதும் செலவுதான் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தப் படுக்கை, இன்று உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படும் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது.

குடும்பம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வாதம் பாதி உண்மை. ஏற்கும் குடும்பங்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும். ஆனால், பெற்றோர் முதுமையடைந்து மறைந்த பிறகு உடன்பிறந்தவர்கள் மீது அந்தப் பொறுப்பைத் திணிக்க முடியாது. வாடகைக்கும் உதவியாளர் ஊதியத்துக்கும் ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்கி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய வீடுகளை அரசு தொடங்க வேண்டும். வீட்டு உரிமையாளர்களும் தெருவாசிகளும் கதவைத் திறந்தால்தான் அந்த நிதிக்கும் பயன் இருக்கும்.