நெகட்டிவ் வந்த பிறகும்

2021 ஜனவரியில் கொரோனா முற்றி, லண்டன் மருத்துவமனை ஒன்றில் பதினோரு நாள் ஆக்ஸிஜனோடு கிடந்தேன். வீடு திரும்பியதும் மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில், "பெரிய கண்டம் தாண்டிட்டடா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரலில் மறுபடி வேலை. நானே எழுதிய கோடைப் படித்தால், பாதியில் தொடக்கம் மறந்துபோனது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். "நல்லா நடங்க, சரியாயிடும்" என்றார்கள் நண்பர்கள். ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் நடந்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

இதில் ஏமாற்றும் விஷயமே இதுதான். சக்திக்கு மீறிச் செய்ததன் பலன் பலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியும். அதனால் எதனால் படுத்தோம் என்பதே பிடிபடாது.

அந்த அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரையறை தந்தது. தொற்று தொடங்கி பொதுவாக மூன்று மாதம் ஆன பிறகும் அறிகுறிகள் இருந்து, அவை குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாவிட்டால் அது லாங் கோவிட். சோர்வு, மூச்சிரைப்பு, மறதி ஆகியவை அடிக்கடி வருபவை.

"நெகட்டிவ் வந்துடுச்சே, இன்னும் என்னடா சோர்வு?" அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் சொன்னேன்: "2006ல உங்களுக்கு சிக்குன்குனியா வந்துச்சுல்லம்மா? காய்ச்சல் நாலு நாள்ல போச்சு. கைவலி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தீபாவளிக்கு முறுக்கு பிழியக்கூட கை வரலையேடா. நடிக்கிறேன்னுகூடச் சொன்னாங்க" என்றார். அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

லாங் கோவிட் கிளினிக்கில் கற்றது ஒன்றுதான்: களைப்பு வருமுன்பே நிறுத்து. நாற்பது நிமிட வேலை, பிறகு கண்ணை மூடிப் படுப்பது. காய் நறுக்குவதும் உட்கார்ந்துதான். எதைச் செய்த பிறகு படுத்தேன் என்று தினமும் குறித்து வைத்தேன். மேனேஜரிடம் பேசி அரைநாள் வேலையில் தொடங்கினேன். முழுநாளுக்கு வர ஒரு வருடம் ஆனது. பழைய ஓட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் மகளுக்கு இரவில் கதை சொல்ல மூச்சு மிச்சம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், "இன்னுமா சரியாகல?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள்.