அறை பொது, பெட்டி யாருடையது?

போடிநாயக்கனூரில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களும், மலைமேலேயே தோட்டத்து வீடுகளில் கூடி வாழ்கிறவர்களும், வாடகையையும் அடுப்பையும் பங்கிட்டுக்கொள்வது சகஜம். ஆனால் உடன் தங்கியவனுடைய பெட்டியிலிருந்து போலீசார் கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தால், குற்றமும் பங்குக்கு வருமா?

போடிமெட்டுக்கு இப்பால் தமிழ்நாட்டுப் போலீசார் வந்தாலும், அப்பால் கேரளத்து எக்ஸைஸ்காரர் வந்தாலும், பிரயோகமாவது 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒன்றே. பொருள் ஒருவன் ஆதீனத்தில் இருப்பதோடு, அது இருக்கிறதென்ற பிரக்ஞையும் அவனுக்கு இருந்தாலன்றி அவனைக் குற்றவாளியாக்க முடியாதென்பது சுப்ரீம் கோர்ட்டின் சித்தாந்தம். ஆகவே பூட்டிய பெட்டியும் சாவியும் ஒருவனுடையவையாயின், பக்கத்துப் பாயில் படுத்தவனுக்கு வாதாட வலுவான இடமுண்டு. பொருள் பொதுப் பரணில் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்தாலோ சங்கதி வேறு. 2003-இல் தீர்ப்பான மதன்லால் வழக்கில், ஒரே காரில் சென்றதால் சிக்கியவர்கள், சரஸ் என்னும் கஞ்சாப் பிசின் இருந்தது தெரியாதென்று மன்றாடியும் தப்பவில்லை.

காரணம், இச்சட்டத்தின் 35, 54-ஆம் பிரிவுகள், வசம் இருந்ததைச் சர்க்கார் நிரூபித்த மாத்திரத்தில், அறிந்தே வைத்திருந்தானென்று அநுமானித்து, மறுக்கும் பாரத்தை எதிரியின் தலையிலேயே ஏற்றுகின்றன. கூலி வேலை செய்பவனுக்கு இது லேசான பாரமல்ல. வீட்டை அக்குற்றத்துக்கு உபயோகிக்கத் தெரிந்தே இடங்கொடுத்தவனுக்கு 25-ஆம் பிரிவு தனியே காத்திருக்கிறது.

சூரியாஸ்தமனத்துக்குப் பின் வாரண்ட் இல்லாமல் வீட்டினுள் பிரவேசிக்க, அதிகாரி காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும். உடம்பைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கலாமென்ற உரிமையைச் சொல்லியாக வேண்டும். பைக்கும் பெட்டிக்கும் அவ்வுரிமை இல்லை. 2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோவில் பதியவும் விதி உண்டு. அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாதென்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் தீர்ப்பாயிற்று.

கஞ்சா ஒரு கிலோ வரை இருந்தால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீனும் அரிது.

கைதானவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்கு வசதியில்லையேல் சட்டப்பணிகள் ஆணைக்குழு தரும், அழைக்க எண் 15100. எல்லாவற்றிலும் முக்கியம், பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜர்: பொருள் எந்த மூலையில், யாருடைய பெட்டியில், சாவி யாரிடம் என்பவை அதில் எழுதப்பட்டனவா என்று வாசித்தறிந்த பிறகே கையெழுத்திடவும், விட்டுப்போயிருந்தால் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லவும் வேண்டும்.